களிக்கு ஏன் மேசை இல்லை?

சென்னைக்காரர்கள் சென்னையிலேயே நட்சத்திர ஓட்டலில் அறை எடுத்துத் தங்குவதற்கு ஸ்டேகேஷன் என்று பெயர். ஊர் மாறாத இந்தப் பயணத்தில் வேற்றூருக்குப் போன நினைப்பைத் தருவது சாப்பாட்டு மேசைதான். நுங்கம்பாக்கம் தாஜ் கோரமண்டலில் பிரெகோ, கிண்டி ஐ.டி.சி. கிராண்ட் சோழாவில் ஒட்டிமோ என இத்தாலியச் சமையலுக்கென்றே உணவகங்கள் உண்டு. அங்கே செலவழிப்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்தச் சமையல் எப்படி அந்த விலைக்கு ஏறியது என்பதை ஜவ்வாது மலையடிவாரத்துக் கலசப்பாக்கத்தில் உட்கார்ந்து யோசிக்கலாம்.

பொலெண்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். மக்காச்சோள மாவைக் கொதிநீரில் தூவி, கட்டி தட்டாமல் வெகுநேரம் கிண்டி, மரப்பலகையில் கொட்டி நூலால் அறுத்துப் பரிமாறுவது வட இத்தாலியப் பழக்கம். அதை மட்டுமே தின்ற ஏழைக் குடியானவர்கள் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பெல்லாக்ரா என்ற சத்துக்குறைவு நோயில் மடிந்தார்கள். அதே பண்டம் இன்று வட்டாரப் பெருமையோடு உயர்தர மேசைகளில் இருக்கிறது. ருசி அதற்குள் மாறிவிடவில்லை; இத்தாலியர்கள் தங்கள் மண்ணின் பெயரைச் சொல்லி விற்கக் கூச்சப்படவில்லை, அவ்வளவுதான். நம் வட ஆர்க்காட்டுக் களியும் இதே கைவேலைதான். நொய்யை வேகவைத்து, கேழ்வரகு மாவைக் கொட்டி, துடுப்பால் கிண்டி, ஈரக் கிண்ணத்தில் உருட்டிக் கீரைக் கடைசலோடு வைப்பார்கள். கேழ்வரகும் சாமையும் ஜவ்வாது மலையில் விளைகின்றன.

நட்சத்திர ஓட்டலில் நாம் காசு கொடுப்பது குளிர்சாதனத்துக்கும் உபசாரத்துக்கும்தான் என்பார்கள். பாதி உண்மை. அந்த உபசாரம் பொலெண்டாவுக்குக் கிடைக்கும்போது களிக்கு ஏன் கிடைக்கக் கூடாது என்பதற்கு அதில் பதில் இல்லை. இன்னொரு ஆட்சேபம் கனமானது: விலை ஏறினால் மலைவாசிகளின் தட்டிலிருந்தே தானியம் போய்விடாதா? கீன்வா உலகச் சந்தைக்கு வந்தபோது பொலிவியாவிலும் இதே கவலை எழுந்தது. ஆனால் இங்கே சிறுதானியத்தை ஒதுக்கியது விலையேற்றம் அல்ல. சாமையை உரலில் குத்தி உமி நீக்கும் பாடு பெண்கள் தலையில் விழுந்தது; 2011 முதல் ரேஷன் அரிசி இலவசமாகவே வந்தது. யார்தான் குத்துவார்கள்? உமி நீக்கும் எந்திரம் மலையிலேயே ஓடி, சமைத்த பண்டமாக விற்றால் காசு மலையில் தங்கும். மூட்டையாக இறக்கினால் தங்காது.

மீந்த பொலெண்டாவை இத்தாலியர்கள் மறுநாள் துண்டு போட்டு வறுத்துத் தின்கிறார்கள். மீந்த களியை நாம் மோரில் கரைத்து, வெங்காயம் கடித்துக்கொண்டு குடிக்கிறோம். பௌர்ணமிக்குக் கலசப்பாக்கம் பக்கத்துப் பருவதமலை ஏறி இறங்குகிறவர்களுக்கு, பாட்டில் குளிர்பானத்தைவிட அதைத்தான் முதலில் விற்கலாம்.