1994 மாடல், சிங்கிள் ஓனர்

யூட்யூபில் அமெரிக்காக்காரர்கள் பழைய பிக்கப் ரெஸ்டோர் பண்ணும் வீடியோக்களைப் பார்த்துக் கெட்டுப்போனவள் நான். ஃபோர்டு 1948-ல் கொண்டுவந்த எஃப் சீரிஸ் வண்டி ஒன்று ஏதோ பண்ணைக் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடக்கும். ஒருத்தர் போய் டார்ப்பாலினை விலக்குவார். நாற்பது நிமிஷ வீடியோ முடியும்போது அது பளபளன்னு ரோட்டில் ஓடும். நானும் ஒரு பழைய பிக்கப் வாங்கணும்னு மூணாவது செமஸ்டரிலிருந்தே ஆசை. ஃபைனல் இயரில், மெக்கானிக்கல் படிச்சுட்டு வழக்கம்போல ஐ.டி. கம்பெனியில் பிளேஸ் ஆனதும், அந்த ஆசை வெறியாகவே மாறிடுச்சு.

தேட ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, நம்ம ஊரில் பழைய கார் கிடைக்கும், பழைய ஜீப் கிடைக்கும், பழைய பிக்கப் மட்டும் கிடைக்காது. அம்பாசடரைத் தாத்தா ஞாபகமாக போர்வை போர்த்தி ஷெட்டில் வைத்திருப்பார்கள். லோடு வண்டியை யார் அப்படி வைப்பார்கள்? செங்கல், வாழைத்தார், மாட்டுத்தீவனம்னு ஓடுகிற வரைக்கும் ஓட்டிவிட்டு, எஃப்.சி. கிடைக்காத வருஷம் எடைக்குப் போட்டுவிடுவார்கள். 15 வருஷம் தாண்டின வண்டிகளுக்கு எஃப்.சி. கட்டணம் 2022 ஏப்ரலில் ஏறினதும் நிறைய வண்டிகள் அப்படித்தான் போச்சு என்று பட்டறை அண்ணன் சொன்னார்.

சட்டத்தில் விண்டேஜ் என்றே ஒரு பிரிவு இருக்கிறது. 2021 ஜூலையில் வந்த விதி. வண்டிக்கு 50 வயசு தாண்டியிருக்கணும், புதுசாகப் பதிய 20,000 ரூபாய், நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்று வரும். ஆனால் அதைத் தினசரி ஓட்டக்கூடாது, தொழிலுக்கும் ஓட்டக்கூடாது. வேலையை விட்டால்தான் மரியாதை, நம்ம வீட்டுப் பெரியவர்கள் கதை மாதிரி. எனக்கு வேண்டியது அது இல்லை. மாமாவின் நர்சரிக்குச் செடி ஏற்றுகிற, நிஜமாகவே ஓடுகிற வண்டி வேணும். டாடாமொபைல். 1988-ல் வந்தது. டாடா சியராவைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டீர்கள். அந்த சியராவே இந்தப் பிக்கப்பின் மேல் கட்டினதுதான்.

ஆன்லைனில் போட்டோ பார்த்து மூணு இடம் போனோம், மூணுமே வேஸ்ட். கடைசியில் பட்டறை அண்ணன்தான் சொன்னார், கோபி பக்கம் ஒரு பெரியவரிடம் இருக்கு, 1994 மாடல், சிங்கிள் ஓனர், ஒரு லட்சம் சொல்றார் என்று. மாமா பாதி, அம்மா சீட்டு எடுத்த பணம் பாதி என்று பேச்சு.

போகும்போது ஃப்ரிட்ஜில் ஒட்டுகிற காந்தம், சின்னச் சுத்தியல், டார்ச், பழைய துணி எல்லாம் பையில் போட்டுக்கொண்டேன். பழைய வண்டி பார்க்கிறவர்களுக்கு இது உதவும் என்பதால் விவரமாகவே சொல்கிறேன். போனதும் முதலில் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பழைய டீசல் வண்டியின் நோயெல்லாம் கோல்ட் ஸ்டார்ட்டில்தான் வெளியே வரும். நீலப் புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் டீசல் அதிகம், இல்லை ஏர் ஃபில்டர் அடைப்பு. ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புஸ்புஸ்ஸென்று காற்று அடிக்கக் கூடாது. அடித்தால் ரிங் தேய்ந்திருக்கும். காந்தத்தைத் துணியில் சுற்றி பாடி முழுக்க ஓட்டணும். ஒட்டாத இடத்தில் பெயிண்டுக்கு அடியில் இரும்பு இல்லை, பட்டிதான் இருக்கு. கடைசியாகக் கீழே படுத்து சேஸிஸைத் தட்டணும். நல்ல இரும்பு 'டங்'கென்று சொல்லும், துருப்பிடித்தது 'டப்'பென்று சொல்லும்.

இன்ஜின் ஐஸ் மாதிரி இருந்தது. பெரியவர் சாவியை ஹீட்டரில் வைத்து, வாய்க்குள் பத்து எண்ணி, ஒரே திருப்பில் ஸ்டார்ட் பண்ணினார். பேசினதெல்லாம் மாமாவிடம்தான். நான் வண்டிக்கு அடியில் நுழைந்ததும்தான், "அம்மணி என்னங்க படிக்குது?" என்று கேட்டது காதில் விழுந்தது.

இடது பக்க சேஸிஸில், பின் லீஃப் ஸ்பிரிங் மாட்டும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னாடி, ஒரு பிளேட் வைத்து வெல்டிங் பண்ணியிருந்தது. வெளியே வந்து டார்ச்சை ஆஃப் பண்ணாமலே, "சேஸிஸ் உடைஞ்ச வண்டிங்க இது, எடைக்குப் போட்டாத்தான் உண்டு" என்றேன். நல்ல வெல்டிங், தட்டினால் 'டங்'கென்றுதான் சொன்னது. அது எனக்குத் தெரியும். விலைக்காகச் சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "செங்கல் லோடுல விரிசல் உட்டுது. ரெண்டு நாள் பக்கத்துலயே உக்காந்து வெச்ச வெல்டிங்குங்க அது" என்றார். கண் ஆபரேஷனுக்கு அப்புறம் ராத்திரி ஓட்ட முடியலை, அதனால்தான் கொடுக்கிறேன் என்றார். 82,000-க்கு முடிந்தது. திரும்பி வரும்போது மாமா என்னைப் பாராட்டினார். எனக்கும் அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பேர் மாற்ற ஃபார்ம் 29, 30 எல்லாம் எடுத்துக்கொண்டு போனபோதுதான் குண்டு. ஆர்.சி.-யில் எச்.பி. இருக்கு. 1994-ல் அவர் வாங்கின கடன். கட்டி முடித்துவிட்டார், ஆனால் ஆர்.சி.-யிலிருந்து அதை எடுக்கவே இல்லை. எடுக்க ஃபார்ம் 35-ல் ஃபைனான்ஸ்காரர் கையெழுத்து வேணும். அந்த ஃபைனான்ஸ் கம்பெனி மூடியே பல வருஷம் ஆகிறது. எம்பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டிருந்தால் பணம் கொடுக்கும் முன்பே பார்த்திருக்கலாம். அடியில் படுத்து சுத்தியலால் தட்டினவளுக்கு போனில் தட்டத் தோணலை. அம்மா திட்டலை. "சீட்டு இன்னும் பதினோரு மாசம் கட்டணும்" என்று மட்டும் சொன்னாள்.

பெரியவருக்கு போன் பண்ணும்போது எனக்குக் கை நடுங்கியது. பணம் அவர் கைக்குப் போயாச்சு, வண்டி எங்கள் வாசலில். 'நீங்க பாத்துதானே வாங்குனீங்க' என்று சொல்லி வைத்துவிட்டிருந்தால் நான் என்ன பண்ணியிருக்க முடியும்? மறுநாள் காலையில் பஸ் ஏறி வந்துவிட்டார். மஞ்சப்பையில் ஒரு பிஸ்கட் டப்பா. உள்ளே, ரப்பர் பேண்ட் போட்ட தவணை ரசீதுகள். மாசா மாசம் கட்டினது, ஒன்று விடாமல். ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது, ஆனால் தேதியும் தொகையும் தெரிகிறது. ஒப்பந்தம் முடிந்ததற்கு ஆதாரம் இருந்தால் எச்.பி.-யை நீக்கலாம் என்று சட்டத்தில் இருக்கு. இந்த ரசீதை ஆதாரமாக ஏற்பதா என்று ஆபீஸில் யோசிக்கிறார்கள். அஃபிடவிட் கேட்டார்கள், கொடுத்தோம். இன்னும் ஏதோ கேட்கிறார்கள்.

இதோடு மூணு தடவை வந்துவிட்டார். பஸ் காசு கொடுத்தால் வாங்க மாட்டேங்கிறார். அந்த வெல்டிங்கைக் காட்டிக் குறைச்ச 18,000-ஐ முதல் சம்பளத்தில் கொடுத்துடணும்னு நினைச்சிருக்கேன். மாமாகிட்ட இன்னும் சொல்லலை. அவரிடம் எப்படிச் சொல்லிக் கொடுப்பதென்றும் தெரியலை.

ஒவ்வொரு தடவையும் வந்ததும் வீட்டுக்குள்ளே வருவதில்லை. நேராக வண்டிக்குப் போய் பானெட்டைத் தூக்கி, டிப்ஸ்டிக்கை இழுத்து, வேட்டி ஓரத்தில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்ப்பார். போன வாரம் அளவு கொஞ்சம் கீழே இருந்தது. "என்ன அம்மணி, ஆயில் பாக்கறதில்லீங்களா?" என்றார்.