தண்ணி வரும்... எந்த 'வரும்'?

"மணி மூணு இருக்கும்" என்கிறோமே, அது எதிர்காலமா? வடிவத்தைப் பார்த்தால் ஆமாம். ஆனால் பேசுவது இந்த நிமிடத்தைப் பற்றி. கடிகாரம் இல்லாதவன் போடும் குத்துமதிப்பு, அவ்வளவுதான்.

என் வகுப்புத் தோழி ஒருத்தி ஸ்பானிஷ் படிக்கிறாள். அங்கேயும் இதே கூத்தாம்! 'செரான் லாஸ் த்ரெஸ்' என்பது எதிர்கால வடிவம். பொருளோ அச்சு அசலாக "மணி மூணு இருக்கும்". ஆங்கிலம் வழியாகப் படித்து இரண்டு நாள் மண்டை காய்ந்தவளுக்குத் தமிழ் வழியாக இரண்டே நிமிடத்தில் புரிந்துவிட்டது :)

நம்ம '-உம்' லேசுப்பட்ட ஆள் இல்லை. "நாளைக்கு மழை பெய்யும்" வருங்காலம். "ஐப்பசியில மழை பெய்யும்" வழக்கம். "இந்நேரம் பஸ் போயிருக்கும்" ஊகம். (அஃறிணைக்கு மட்டும்தான் இந்த வசதி. ஆளுக்கு வருவான், வருவாள்.) எழுத்தில் "வரும் தண்ணீர்" என்று பெயருக்கு முன்னாலும் வந்து நிற்கும், பேச்சில் அது "வர்ற தண்ணி". மூன்று காலத்துக்கும் பொதுவான இயற்கையை இந்த வடிவத்தில் சொல்ல வேண்டும் என்று தொல்காப்பியர் வினையியலிலேயே விதி வைத்துவிட்டார். மலை நிற்கும் என்பதுபோல.

எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் "ஜூன் 12 தண்ணி வரும்" என்று தாத்தா சொன்னதும் அந்த ரகம்தான். 1934-இல் திறக்கப்பட்ட மேட்டூர் அணையிலிருந்து குறுவைக்குத் தண்ணீர் விடும் நாள் அது. அவருக்கு அது ஊகமே இல்லை, மலை நிற்கிற மாதிரி.

2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் ஜூன் 12-இல் அணை திறக்கவில்லை. 2020-இல் திறந்தார்கள். 2022-இல் மே 24-க்கே வந்துவிட்டது. 2024-இல் ஜூலை 28. இப்போது அதே 'வரும்', மணி மூணு 'இருக்கும்' ரகத்துக்கு இறங்கிவிட்டது. டீக்கடையில் அது "வருமாம்". பேப்பரில் "திறக்கப்படும்". யார் திறப்பார்கள் என்று அந்தச் சொல்லில் இல்லை, கவனித்தீர்களா?

இது வெறும் இலக்கண விளையாட்டு இல்லைங்க. குறுவை ஏறக்குறைய 110 நாள் பயிர். ஜூனில் தொடங்கினால் மழைக்கு முன் அறுத்துவிடலாம். ஒன்றரை மாதம் தள்ளிப்போனால் அறுப்பு வடகிழக்குப் பருவமழையில் மாட்டும். கதிர் சாய்ந்து வயலிலேயே முளைக்கும். போர் போட்டவர்கள் ஆற்றை எதிர்பாராமல் நாற்று விடுவார்கள். போர் இல்லாதவருக்கு அந்த ஒரு 'வரும்'தான் முதல். அதை நம்பி உழவுக்கும் விதைக்கும் கடன் வாங்குவதா, குறுவையை விட்டுவிட்டுச் சம்பாவுக்குக் காத்திருப்பதா?

பெரியப்பாவிடம் போர் கிடையாது. "தண்ணி வருமா பெரியப்பா?" என்று கேட்டால் எல்லா வருஷமும் "வரும்டா" என்பார். எந்த 'வரும்' என்று தெரிய நான் விதை மூட்டையைப் பார்ப்பேன். 2024-இல் அது பிரிக்காமலே கிடந்தது. 2025-இல் ஜூன் 12-க்கு முன்னாலேயே விதையை ஊறப் போட்டிருந்தார்.