திங்கட்கிழமை மேசை

நியூ ஜெர்சியில் நான் வேலை பார்த்த அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், மைக்ரோவேவ் அடுப்புக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு வட்ட மேசை இருந்தது. நான்கு பேர் உட்காரலாம். ஐந்தாவதாக யாராவது வந்தால் நாற்காலியை ஓரமாக இழுத்துப் போட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். 2008இலிருந்து ஐந்தாறு வருடம், முதலில் கோடையும் இலையுதிர் காலமுமாக, பிறகு வசந்தமுமாக, திங்கட்கிழமை மதியம் பன்னிரண்டரை மணிக்கு அந்த மேசையில் ஒரே பேச்சுதான்: முந்தைய இரவு வந்த ‘மேட் மென்’.

கணக்குப் பிரிவில் ஓய்வை நெருங்கிக்கொண்டிருந்த ஓர் அமெரிக்கப் பெண்மணி, புரூக்ளினிலேயே பிறந்து வளர்ந்த நெட்வொர்க் பொறியாளர் ஒருவர், கொல்கத்தாவிலிருந்து வந்த என் தோழி, நான். நாலு பேருக்கும் வயதும் ஊரும் சம்பளமும் வேறு வேறு. அந்தத் தொடர் இல்லாவிட்டால் லிஃப்டில் பார்த்துத் தலையசைப்பதோடு எங்கள் உறவு நின்றிருக்கும்.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். நியூயார்க்கின் மேடிசன் அவென்யூவில் ஒரு விளம்பர நிறுவனம். கதை 1960 மார்ச்சில் தொடங்கி 1970 நவம்பரில் முடிகிறது. நடுவில் இருப்பவன் டான் டிரேப்பர், விளம்பரம் எழுதுகிறவன். கொரியப் போரில் செத்த ஒருவனின் பெயரை எடுத்துக்கொண்டு, சொந்தப் பெயரைப் புதைத்துவிட்டு வாழ்பவன். அவனுக்குச் செக்ரட்டரியாக முதல் நாள் வேலைக்கு வந்து, பிறகு தானே விளம்பரம் எழுதத் தொடங்கும் பெக்கி ஓல்சன் இன்னொரு முனை. மேத்யூ வைனர் உருவாக்கிய இந்தத் தொடர் 2007 ஜூலை 19இல் ஏஎம்சி சேனலில் ஆரம்பித்து 2015 மே 17இல் முடிந்தது. ஏழு சீசன், 92 எபிசோடுகள். சிறந்த நாடகத் தொடருக்கான எம்மி விருதை 2008இலிருந்து தொடர்ந்து நான்கு வருடம் வாங்கியது.

முதல் சீசன் வியாழக்கிழமைகளில் வந்தது. அப்போது எங்களில் யாரும் பார்க்கவில்லை. பிறகு டிவிடி வாங்கி, கைமாற்றிப் பார்த்தோம். இரண்டாவது சீசனிலிருந்து ஞாயிறு இரவு பத்து மணி. பதினொன்றுக்கு முடியும்போது ‘அடுத்த வாரம்’ என்று ஒரு முன்னோட்டம் போடுவார்கள். யாரோ கதவைத் திறப்பார்கள். யாரோ “என்ன?” என்பார்கள். டெலிபோன் அடிக்கும். அவ்வளவுதான், அதை வைத்து ஒன்றையும் ஊகிக்க முடியாது. கதை முன்கூட்டி வெளியே போகக் கூடாது என்பதில் வைனர் அத்தனை பிடிவாதம். ஆனாலும் அந்த அரை நிமிடத் துண்டுகளை வைத்து நாங்கள் ஒரு முழு மதியம் பேசியிருக்கிறோம்.

இப்போது தொடரை எந்த நேரத்திலும் பார்க்கலாம். ஓர் எபிசோடு முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பிப்பதற்குள் அடுத்தது தானாகத் தொடங்கிவிடுகிறது. எனக்கு அது பெரிய இழப்பாகப் படுகிறது. இந்தக் கதையில் யாரும் தன் மனசில் இருப்பதைச் சொல்லமாட்டார்கள். கதவை மூடுவார்கள், கிளாஸில் விஸ்கி ஊற்றுவார்கள், ஜன்னலைப் பார்ப்பார்கள், காட்சி முடிந்துவிடும். அவர்கள் சொல்லாமல் விட்டதைப் பேச நமக்கு ஆள் வேண்டும், பேசுவதற்கு முன் ஓர் இரவாவது அதை மனசில் போட்டு வைத்திருக்க வேண்டும். அந்த ஓர் இரவும், அடுத்த ஞாயிறுவரை காத்திருந்த பகல்களும் தொடரின் பாதி என்றே நான் நினைக்கிறேன். மிச்சப் பாதிதான் இப்போது கையில் இருக்கிறது.

முதல் சீசனின் கடைசி எபிசோடு எங்களை ஒன்றாக உட்கார வைத்தது என்று சொல்லலாம். கோடாக் கம்பெனிக்காரர்கள் புதிதாகச் செய்த ஸ்லைடு ப்ரொஜெக்டரைக் கொண்டுவருகிறார்கள். வட்டமான தட்டில் ஸ்லைடுகளைச் செருகிவிட்டால் சுற்றிச் சுற்றி வரும். சக்கரத்தின் புதுமையைச் சொல்லி விற்கவேண்டும் என்பது அவர்கள் எண்ணம். டான் விளக்கை அணைத்துத் தன் சொந்தக் குடும்பப் படங்களை ஓட்டுகிறான்: மனைவியைக் கையில் தூக்கியபடி, கைக்குழந்தையை மார்பில் போட்டபடி. இது சக்கரம் இல்லை, குழந்தைகள் ஏறும் ராட்டினம், நாம் நேசிக்கப்பட்ட இடத்துக்குத் திரும்பக் கூட்டிப்போகிறது என்கிறான். அறையில் ஒருவர் அழுதுகொண்டே வெளியே ஓடுகிறார். ராட்டினம் என்றே அதற்குப் பெயரும் ஆகிறது. அன்று மாலை டான் வீட்டுக்கு வந்தால் மனைவியும் குழந்தைகளும் பண்டிகைக்குக் கிளம்பிப் போயிருக்கிறார்கள். படிக்கட்டில் தனியாக உட்கார்ந்திருக்கிறான்.

கோடாக் ஸ்லைடு ப்ரொஜெக்டர் செய்வதை 2004லேயே நிறுத்திவிட்டது. அந்தக் காட்சி ஒளிபரப்பானது 2007 அக்டோபரில். இல்லாமல் போன ஒரு கருவிக்காக அவ்வளவு பேர் அழுதிருக்கிறோம். ‘நாஸ்டால்ஜியா’ என்ற சொல்லுக்குக் கிரேக்கத்தில் பழைய காயத்தின் வலி என்று பொருள் என்று டான் அந்தக் காட்சியில் சொல்வான். புரூக்ளின்காரர் அதை விடவில்லை. அடுத்த வாரமே அகராதியைப் பார்த்துவிட்டு வந்து, “காயம் எல்லாம் கிடையாது. வீடு திரும்புதல் ஒரு சொல், வலி ஒரு சொல், ரெண்டும் சேர்ந்தது” என்றார். 1688இல் ஜோஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் ஊரை நினைத்து வாடியவர்களின் நோய்க்கு வைத்த பெயராம். கொல்கத்தாத் தோழியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்களுக்கு அகராதி தேவைப்படவில்லை.

2010 கோடையில் அம்மா ஆறு மாதத்துக்கு வந்திருந்தாள். பகலில் நான் ஆபீஸ் போனபின் பொழுது போகவேண்டுமே என்று முதல் சீசன் டிவிடியைப் போட்டுக்கொடுத்தேன். அம்மா 1966இலிருந்து 1972 வரை சென்னையில் ஒரு கம்பெனியில் ஸ்டெனோவாக இருந்தவள். அப்பாவுக்கு மாற்றல் வந்தது, வேலையை விட்டாள். அதற்கு மேல் அதைப் பற்றி வீட்டில் பேச்சு வந்ததே இல்லை.

முதல் எபிசோடில், ஆபீஸைக் கட்டி மேய்க்கும் ஜோன், பெக்கியை அவளுடைய மேசைக்குக் கூட்டிவந்து டைப்ரைட்டரின் உறையை எடுத்துக் காட்டுவாள். பயப்படாதே, பெண்களும் அடிக்கிற மாதிரிதான் செய்திருக்கிறார்கள் என்ற தோரணையில் ஏதோ சொல்வாள். நான் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி: “ஏண்டி, அந்த மிஷின்ல கேரியேஜே நகரல. வரி முடிஞ்சா கையால தள்ளவே மாட்டேங்கறா. 1960ல அப்படி மிஷின் இருந்துதா?”

திங்கட்கிழமை இதை மேசையில் வைத்தேன். கணக்குப் பிரிவுப் பெண்மணி சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டார். அது ஐபிஎம் செலக்ட்ரிக். எழுத்துகள் ஒரு சின்னப் பந்தில் இருக்கும். பந்துதான் நகரும், உருளை அசையாது. அவர் வேலை கற்றதே அதில்தான். அந்த மிஷின் சந்தைக்கு வந்தது 1961 ஜூலையில். கதையிலோ 1960 மார்ச். பழக்கிண்ணத்தில் இருந்த ஆப்பிள்கள் அந்தக் காலத்துக்குப் பெரிசு என்று மாற்றச் சொன்னவர் வைனர். அவருடைய தொடருக்குள்ளேயே காலம் தப்பி வந்துவிட்ட மிஷினை, கடல் தாண்டி வந்த ஒரு சென்னை ஸ்டெனோ முதல் காட்சியிலேயே பிடித்துவிட்டாள். “உங்க அம்மாவுக்கு ஸ்பீடு என்ன?” என்று அந்தப் பெண்மணி கேட்டார்.

இரவு அம்மாவிடம் கேட்டேன். “ஹையர் பாஸ். நிமிஷத்துக்கு நாப்பத்தஞ்சு. ஆபீஸ்ல அதுக்கு மேலயே போகும்.” மறுநாள் போய்ச் சொன்னேன். “நான் அறுபது. ஆனா செலக்ட்ரிக்ல. கையால தள்ற மிஷின்ல நாற்பத்தைந்து என்றால் அது பெரிய விஷயம் என்று சொல்லு.” சொன்னேன். அம்மா பதில் சொல்லவில்லை. ஆனால் அன்று ரசத்தில் உப்பு பார்க்கும்போது முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. இரண்டு பேரும் கடைசிவரை நேரில் பார்த்துக்கொள்ளவே இல்லை. தகவல் எல்லாம் என் வழியாகத்தான் போய் வந்தது.

அதன்பிறகு அம்மாவும் எங்கள் மேசையில் ஓர் ஆள். விளம்பர நிறுவனத்தின் மூத்த முதலாளி பெர்ட் கூப்பர் தன் அறைக்குள் வருகிற எல்லோரையும் ஷூவைக் கழற்றச் சொல்வார். “மரியாதை தெரிஞ்ச மனுஷன்” என்று அம்மா தீர்ப்புச் சொன்னாள். இன்னொரு முதலாளியான ரோஜரை அவளுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. வசனம் நீளமாக வந்தால் அவளுடைய வலது ஆள்காட்டி விரல் முழங்கால் மேல் தன்பாட்டுக்குச் சுழிக்கும். சுருக்கெழுத்து. முப்பத்தெட்டு வருடம் கழித்தும் விரல் மறக்கவில்லை.

அந்த வருடம் செப்டம்பர் 5, ஞாயிற்றுக்கிழமை. ‘தி சூட்கேஸ்’ என்ற எபிசோடு. 92இல் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் அதை எடுப்பேன். 1965 மே மாதம், அலி – லிஸ்டன் குத்துச்சண்டை நடக்கும் இரவு. பெக்கிக்கு அன்று பிறந்தநாள். ஹோட்டலில் குடும்பமே காத்திருக்கிறது. டான் அவளைப் பெட்டி விளம்பரத்துக்கு யோசனை சொல்லென்று ஆபீஸிலேயே உட்கார வைத்துவிடுகிறான். காரணம் வேலை இல்லை. கலிஃபோர்னியாவிலிருந்து ஒரு போன் வந்திருக்கிறது. அவனை உண்மையாக அறிந்த ஒரே மனுஷி செத்துப்போன செய்தி அதில் இருக்கும் என்று தெரியும். திரும்பக் கூப்பிட அவனுக்குத் தைரியம் வரவில்லை. விடியும்வரை பெக்கியோடு சண்டை போடுகிறான், சாப்பிடுகிறான், குடிக்கிறான், அவள் மடியில் தலை வைத்துத் தூங்குகிறான். காலையில் போன் செய்துவிட்டு அவள் முன்னால் உடைந்து அழுகிறான்.

நடுவில் ஒரு சண்டை. என் யோசனைக்கு நீங்கள் ஒரு தடவைகூட நன்றி சொன்னதில்லை என்று பெக்கி அழுவாள். அதற்குத்தானே சம்பளம் என்று டான் கத்துவான். பக்கத்தில் சோபாவில் கால் மடக்கி உட்கார்ந்திருந்த அம்மா, திரையைப் பார்த்தபடியே சொன்னாள்: “ஆறு வருஷம் லெட்டர் அடிச்சேன். இங்கிலீஷ் பாதி என்னோடது. கையெழுத்து அவரோடது.”

மறுநாள் தொழிலாளர் தினம், விடுமுறை. ஒரு நாள் கூடுதலாகப் பொறுத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமைதான் மேசைக்கு வந்தோம். புரூக்ளின்காரர் தன் அப்பா அந்தச் சண்டையைத் தியேட்டர் திரையில் பார்க்க டிக்கெட் வாங்கிப் போய், கோட்டைக் கழற்றுவதற்குள் முதல் ரவுண்டிலேயே எல்லாம் முடிந்துபோன கதையைச் சொன்னார். நான் அம்மா சொன்னதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அந்தப் பெண்மணி தன் கதையை எடுத்தார். முதல் வேலை ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில். 1973இல் கர்ப்பமானபோது ஐந்தாம் மாதம் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். திரும்பி வர இடமில்லை. அப்போது அதைக் கேட்க நாதியில்லை. அதைத் தடுக்கும் சட்டம் 1978இல்தான் வந்தது. “பெக்கி மாதிரி எனக்கும் எழுத வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்” என்றார். இரண்டு வருடமாகத் தினமும் பார்க்கிறோம், அவர் எழுத ஆசைப்பட்டவர் என்று எங்களுக்குத் தெரியாது.

தொடரைப் பற்றிப் பேசுகிறோம் என்ற பெயரில் எங்களைத்தான் பேசினோம். பதவி உயர்வு தட்டிப்போன வாரம் தோழி, தொடரில் வாடிக்கையாளர்களைப் பிடித்துவரும் பீட் கேம்பலைத் திட்டித் தீர்த்தாள். ஜாகுவார் கார் விளம்பரத்தைப் பிடிக்க ஜோன் தன்னையே விலையாகக் கொடுத்த எபிசோடுக்குப் பிறகு மேசையில் கூடியபோது, டப்பாவைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு போனோம். நிறுவனத்தின் பணக்கணக்கைப் பார்த்த லேன் பிரைஸ் ஆபீஸ் கதவுக்குப் பின்னால் தூக்கில் தொங்கிய வாரம், புரூக்ளின்காரர் தன் கடன்களைப் பற்றி முதன்முதலாக வாய் திறந்தார்.

நான்காவது சீசன் முடிந்தபின் 17 மாதம் தொடர் வரவில்லை. அந்த இடைவெளியிலும் மேசை கலையவில்லை. பழைய எபிசோடுகளையே மறுபடி பார்த்து வந்து பேசினோம். கலைத்தது வேறு. 2013இல் அந்தப் பெண்மணி ஓய்வுபெற்று ஃப்ளோரிடா போனார். புரூக்ளின்காரருக்குச் சியாட்டிலில் வேலை கிடைத்தது. தோழியின் பிரிவை வேறு கட்டடத்துக்கு மாற்றினார்கள். யாரும் யாரோடும் சண்டை போடவில்லை. தொடரில் வருவதுபோலவே ஒவ்வொருவராக லிஃப்டில் ஏறினார்கள், கதவு மூடியது.

2015 மே 17 இரவு கடைசி எபிசோடைத் தனியாகப் பார்த்தேன். கலிஃபோர்னியாக் கடலோரப் புல்வெளியில் டான் கண்மூடி உட்கார்ந்திருக்கிறான், உதட்டில் மெல்ல ஒரு சிரிப்பு, மணி ஒலிக்கிறது, உடனே 1971இல் வந்த கோகோ கோலாவின் மலையுச்சி விளம்பரம். நிஜத்தில் அதை எழுதியவர் மக்கேன் எரிக்சனின் பில் பேக்கர், அயர்லாந்தின் ஷானன் விமான நிலையத்தில் மூடுபனியில் மாட்டிக்கொண்ட பயணிகளைப் பார்த்துத் தோன்றிய யோசனை அது. கதைப்படி டான்தான் ஆபீஸுக்குத் திரும்பிப் போய் அதை எழுதினானா? அந்தச் சிரிப்பு நிம்மதியா, அடுத்த விளம்பரம் கிடைத்த சந்தோஷமா? ஒரு மாதம் பேசவேண்டிய விஷயம்.

போன் அடித்தது. ஊரில் திங்கட்கிழமை காலை. அம்மா.

“அது முடியறதுன்னியே, முடிஞ்சுதா? அந்த டைப் அடிக்கற பொண்ணு என்ன ஆனா?”

ஐந்து வருடமாக அவள் ஓர் எபிசோடும் பார்த்ததில்லை. கூட வேலை செய்கிற ஸ்டான் போனில் காதலைச் சொன்னதையும் பெக்கி திக்கித் திணறியதையும் சொல்ல ஆரம்பித்தேன்.

“அதைக் கேக்கலடி. வேலையில இருக்காளா?”

“இருக்காம்மா. ஜோன் தனியாக் கம்பெனி ஆரம்பிச்சுப் பார்ட்னரா கூப்பிட்டா. இவ போகல, இங்கயே இருந்து மேல வருவேன்னுட்டா.”

“அப்ப சரி” என்றாள் அம்மா.

மறுநாள் பன்னிரண்டரை மணிக்கு டப்பாவை எடுத்துக்கொண்டு அந்த மேசைக்குத்தான் போனேன். பக்கத்தில் மூன்று நாற்காலிகள் இருந்தன.