பெட்டியோடு வாசிப்பவர்களுக்கு

வீட்டில் தனியாகக் கிட்டார் வாசிக்கும் பலர் இப்போது ஒரு கீபோர்டை ஓடவிட்டு அதோடு சேர்ந்து வாசிக்கிறார்கள். டிரம்ஸ், பேஸ், பியானோ, வயலின் கூட்டம் எல்லாம் அதற்குள்ளிருந்தே வந்துவிடுகின்றன. இதைக் குறைத்துப் பேசுபவர்கள் உண்டு. எனக்கு அந்த எண்ணம் கிடையாது. வாழ்நாளில் பெரும்பகுதி மெல்லிசைக் குழுக்களில் ரிதம் கிட்டார் வாசித்தவன் நான். கோயில் கொடை, கல்யாண வரவேற்பு, கல்லூரி விழா என்று மேடை மேடையாகப் போனவன். இன்று என் கிட்டாருக்குத் துணை அந்தக் கீபோர்டுப் பெட்டிதான்.

ஒரு குழு கலைவதற்குச் சண்டை வேண்டியதில்லை. வேலை மாற்றம், பிள்ளைகள் குடியேறிய ஊர், முழங்கால் வலி, இவையே போதும். எங்கள் டிரம்ஸ்காரர் காலமாகிவிட்டார். பேஸ் வாசித்தவர் மகள் வீட்டோடு வேறு மாநிலத்தில் இருக்கிறார். லீட் கிட்டார் வாசிப்பவனாவது தனியாக ஒரு பாட்டின் மெட்டை வாசித்து மனதை ஆற்றிக்கொள்ளலாம். ரிதம் கிட்டார் அப்படியல்ல. அது இன்னொருவருக்காக வாசிக்கிற வாத்தியம். பாடுபவரோ தாளம் தருபவரோ இல்லாத அறையில் அதை எடுத்தால் கை எங்கே போவதென்று தெரியாமல் நிற்கும். அந்த நேரத்தில்தான் பெட்டி வீட்டுக்குள் வந்தது. அதற்கு நான் நன்றியுள்ளவன்.

இந்தப் பெட்டியின் பரம்பரையே வீட்டில் தனியாக வாசிப்பவர்களுக்காகத் தொடங்கியது. 1959ல் அமெரிக்காவின் வுர்லிட்சர் நிறுவனம் சைட்மேன் என்ற தாளப் பெட்டியை விற்றது. உள்ளே ஒரு தட்டு சுழலும். வெற்றிடக் குழாய்கள் தாள ஒலிகளை எழுப்பும். வீட்டில் ஆர்கன் வாசிப்பவர்களுக்குத் துணையாக வந்த பொருள் அது. ஜப்பானில் இகுதாரோ காகேஹாஷி என்பவர் அதே வழியில் தாளப் பெட்டிகள் செய்தார். 1972ல் ரோலண்ட் நிறுவனத்தைத் தொடங்கினார். 1978ல் வந்த அவர்களுடைய சிஆர்-78 பெட்டியில், வாசிப்பவர் தானே ஒரு தாளத்தை அமைத்து நினைவில் வைத்துக்கொள்ள முடிந்தது. பிறகு 1983ல் மிடி வந்தது. வெவ்வேறு நிறுவனங்களின் கீபோர்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஒரே கம்பியில் 16 தடங்கள். அந்த வேலைக்காக காகேஹாஷிக்கும் அமெரிக்காவின் டேவ் ஸ்மித்துக்கும் 2013ல் கிராமி விருது கொடுத்தார்கள். இன்று யமஹா நம் நாட்டுக்கென்றே விற்கும் பிஎஸ்ஆர்-ஐ500 கீபோர்டில் தபலாவும் தம்புராவும் சேர்ந்தே வருகின்றன. தனியாக உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு துணை வேண்டும் என்று யோசித்து, பல கைகள் மாறி வந்திருக்கிற பொருள் இது. இதைப் பொம்மை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் துணை கிடைத்தவுடன் நாம் என்ன செய்கிறோம்? ஸ்டைல் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி, எல்லா வாத்தியமும் ஒலிக்கும்போது மேலே லீட் வாசிக்கத் தொடங்கிவிடுகிறோம். முழு ஊரும் நமக்காக வாசிக்கிறது. நாம் நடுவில் நிற்கிறோம். ஒரு வாரம் இது இனிக்கும். அதன்பிறகு கை சோம்பிவிடும், காது அதைவிடச் சோம்பிவிடும். நான் இளையவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றே: பெட்டி உங்களுக்குப் பக்கவாத்தியமாக இருக்கட்டும், நீங்களும் அதற்குப் பக்கவாத்தியமாக இருங்கள்.

பேச்சாகச் சொன்னால் போதாது, செய்முறையில் சொல்கிறேன். யமஹா கீபோர்டுகளில் ஒரு ஸ்டைல் என்பது எட்டுப் பாகங்கள் சேர்ந்தது. தாளத்துக்கு இரண்டு, பேஸ் ஒன்று, கார்டு வாசிப்பதற்கு இரண்டு, பின்னால் நீண்டு நிற்கும் பேடு ஒன்று, சின்னச் சின்ன அலங்காரத் துணுக்குகளுக்கு இரண்டு. பெரும்பாலும் அந்தக் கார்டுப் பாகங்களில் ஒன்றில் ஒரு கிட்டார் இருக்கும். அதாவது உங்கள் நாற்காலியில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். நல்ல மாடல்களில் ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாக நிறுத்தலாம். அந்தக் கிட்டாரை முதலில் நிறுத்துங்கள். மற்றக் கார்டுப் பாகத்தையும் அலங்காரத் துணுக்குகளையும் நிறுத்துங்கள். பேடு ஒலியைக் காதுக்குப் பட்டும் படாமலும் குறையுங்கள். தாளமும் பேஸும் மட்டும் தெளிவாகக் கேட்கட்டும். இப்போது பாட்டு வெறிச்சென்று கேட்கும். அந்த வெறுமையை நிரப்புவதுதான் ரிதம் கிட்டார்க்காரனின் வேலை, அதைச் செய்யத்தான் கிட்டாரைக் கையில் எடுத்தோம்.

நிரப்புவதிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. கிட்டாரின் ஆறாவது கம்பி சுமார் 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது; பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி அதில் பாதி, சுமார் 41. பேஸ் தன் இடத்தில் நடந்துகொண்டிருக்கும்போது நாம் ஆறு கம்பியையும் முழுதாக அடித்தால் கீழ்ப்பகுதி குழம்பிப்போகும். தனியாக வாசித்துப் பழகிய கைக்கு எல்லாக் கம்பியையும் அடிக்கத்தான் தோன்றும், ஏனென்றால் தனிமையில் எல்லாச் சுமையும் அதன்மேல்தான். பக்கத்தில் ஒருவர் வந்த பிறகு அந்தச் சுமையில் ஒரு பகுதியை அவரிடம் விட்டுவிட வேண்டும். மெல்லிய நான்கு கம்பிகளில் கார்டைப் பிடியுங்கள், போதும். கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குளியலறைக்கு வரிசையில் நின்ற வீட்டில் எல்லாரும் குளித்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போனோம்.

சுருதி விஷயத்தில் பெட்டி பெரிய உபகாரி. பாடுபவர் ஒன்றரைக் கட்டை என்பார், நாலரைக் கட்டை என்பார். கிட்டாரில் திறந்த கம்பிகள் நன்றாகப் பேசுவதோ ஈ, ஏ, டி, ஜி கார்டுகளில். நாம் கேப்போ போட்டுக்கொள்கிறோம். பெட்டியில் டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்தினால் அரைக் கட்டை அரைக் கட்டையாக அதுவும் கூடவே ஏறும், இறங்கும். மேடையில் கடைசி நிமிடத்தில் சுருதி மாறினால் எங்களுக்கு வியர்த்துவிடும். பெட்டிக்கு அந்தக் கவலை இல்லை.

இனி, கிட்டார்க்காரனுக்கு மட்டும் உள்ள ஒரு சங்கடம். ஸ்டைல் ஓடும்போது எந்தக் கார்டு என்று பெட்டிக்குச் சொல்ல இடக்கைப் பக்கத்தில் யாராவது கட்டைகளைப் பிடித்தாக வேண்டும். நம் இரண்டு கைகளும் கிட்டாரில் இருக்கின்றன. ஆகவே கார்டு வரிசையை முன்கூட்டியே பெட்டியில் பதிவுசெய்து வைத்துக்கொள்கிறோம். இதைத் தொல்லை என்று நினைப்பவர்கள் இணையத்தில் கிடைக்கும் டிராக்கை எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். வேண்டாம் என்பேன். பதிவுசெய்ய உட்கார்ந்தால்தான் பாட்டு உங்களுக்குத் தெரியுமா என்பது தெரியும். பல்லவி எத்தனை ஆவர்த்தம், முதல் இடையிசை எங்கே திரும்புகிறது, சரணத்தின் கடைசி வரியில் கார்டு சம இடத்தில் மாறுகிறதா, அரை ஆவர்த்தம் முந்தி மாறுகிறதா? ஆயிரம் முறை கேட்ட பாட்டிலும் இதற்குப் பதில் சொல்லத் தடுமாறுவோம். குறிப்பாக எண்பதுகளின் தமிழ்ப் படப்பாடல்கள். அவற்றின் இடையிசைகள் நாலு நாலு ஆவர்த்தமாக மடிந்து கொடுப்பதில்லை; நடுவில் தாளமே மாறும். ஒரு தாளை எடுத்து, பாட்டை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, ஒவ்வொரு ஆவர்த்தத்தையும் எழுதுங்கள். மேடையில் பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்த்தே நாங்கள் கடந்துபோன இடங்களை இந்த வயதில்தான் நான் கணக்காக எழுதிப் பார்க்கிறேன். இசையமைத்தவர்மீது மரியாதை பலமடங்கு கூடியிருக்கிறது.

பெட்டியின் இன்னொரு குணம், அது ஓடுவதுமில்லை, இழுப்பதுமில்லை. 96 என்று வைத்தால் கடைசி ஆவர்த்தம் வரை 96தான். காலப்பிரமாணம் பழகுவதற்கு இதைவிட நேர்மையான ஆசான் கிடையாது. உற்சாகம் வந்தால் வேகம் கூடுவது மனிதக் கை. விரலுக்கு வயதானால் கடினமான கார்டுக்கு ஒரு நொடி பிந்துவதும் மனிதக் கை. இரண்டையும் பெட்டி அப்படியே காட்டிக்கொடுக்கும், மனம் நோகாமல்.

ஆனால் அது காத்திருக்காது. என் கவலை எல்லாம் இங்கேதான். மேடையில் பாடகர் ஒரு சங்கதியில் லயித்து நின்றுவிட்டால் எங்கள் டிரம்ஸ்காரர் அவருடைய கழுத்து நரம்பைப் பார்த்தபடி ஹைஹேட்டில் மெல்ல வாசித்துக்கொண்டிருப்பார். பாடகர் தலையை அசைத்த பிறகுதான் அடுத்த அடி விழும். யாரும் யாருக்கும் எதுவும் சொல்லமாட்டார்கள். கேட்பது என்ற பழக்கம் அப்படி வருவது. பெட்டியோடு மட்டுமே வாசித்து வளரும் பிள்ளைக்குத் துல்லியம் வரும், இந்தப் பழக்கம் வராது. பின்னாளில் அவன் ஒரு குழுவில் சேர்ந்தால் மற்றவர்களையும் பெட்டிகளாகவே நடத்துவான். வீட்டிலும் அலுவலகத்திலும் அப்படிப்பட்டவர்களோடு வாழ்வது எவ்வளவு சிரமம் என்று நமக்குத் தெரியும்.

கிட்டார்க் கலைஞர் லெஸ் பாலை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. ஹாலிவுட்டில் தன் வீட்டு கராஜில், ஒரு தட்டில் பதிந்த கிட்டாரை ஓடவிட்டு அதன்மேல் இன்னொரு கிட்டாரை வாசித்து, அதன்மேல் இன்னொன்று என்று அடுக்கி, 1948ல் லவ்வர் என்ற பதிவை வெளியிட்டவர். ஒரே மனிதர் ஒரு குழுவாக ஒலித்தார். 1951ல் மனைவி மேரி ஃபோர்டோடு அவர் வெளியிட்ட ஹவ் ஹை த மூன் அந்த முறையை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. வீட்டில் தனியாகக் குழு அமைத்துக்கொள்ளும் நாம் எல்லாருமே அவருடைய பிள்ளைகள். அதே லெஸ் பால் முதுமையில், மூட்டுவாதம் விரல்களை முடக்கிய பிறகும், நியூயார்க்கின் இரிடியம் கிளப்பில் திங்கட்கிழமைதோறும் ஒரு சிறு குழுவோடு மேடையேறினார். 2009ல், 94 வயதில் இறந்த ஆண்டு வரைக்கும் அது தொடர்ந்தது. தன்னைத் தானே எத்தனை முறை வேண்டுமானாலும் அடுக்கிக்கொள்ளத் தெரிந்தவர், வாரம் ஒருநாள் மனிதர்களைத் தேடிப் போனார்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கீபோர்டும் சின்தசைசரும் வந்தபோது வயலின்காரர்களும் தாள வாத்தியக்காரர்களும் பலர் வேலை இழந்தார்கள். அந்த வருத்தம் நியாயமானது. நான் அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன். யாருமே வராத அறையில் பெட்டியை ஓடவிடுவது யாருடைய சோற்றையும் பறிப்பதல்ல. கல்யாண மேடையில், பணம் இருந்தும், ஒரு தபலாக்காரரைக் கூப்பிடாமல் டிராக் போட்டு ஒப்பேற்றுவது வேறு விஷயம். அதை நான் ஏற்கமாட்டேன். என் மாணவர்களுக்கும் இதைச் சொல்லித்தான் அனுப்புகிறேன்.

பெட்டியைக் காத்திருக்க வைக்க ஒரு வழி இருக்கிறது, அது என் வீட்டிலேயே கிடைத்தது. கார்டுகளைப் பதிவுசெய்யாமல் ஒருவரைக் கீபோர்டில் உட்காரவைப்பது. அவர் வாத்தியக்காரராக இருக்க வேண்டியதில்லை. ஒற்றை விரல் முறையில் சி கட்டையை அழுத்தினால் முழுக் குழுவும் சி மேஜரில் வாசிக்கும். விரல் அடுத்த கட்டைக்குப் போகும்வரை பெட்டி அதே கார்டில் சுற்றிக்கொண்டிருக்கும். என் பேத்தி அங்கே உட்காருகிறாள், மனைவி பாடுகிறாள், நான் கிட்டார் வாசிக்கிறேன். பாட்டி ஓர் இடத்தில் நீட்டினால் பேத்தி விரலை எடுக்காமல் அவள் வாயையே பார்த்திருக்கிறாள். இன்னோர் ஆவர்த்தம் கூடுதலாகப் போகும், கெட்டுவிடாது. பாட்டி அடுத்த வரிக்கு வந்ததும் விரல் நகரும். இரண்டு மூன்று மேஜர் கார்டில் முடிகிற பாட்டுகளாகத் தொடங்கினோம். இப்போது அவளுக்கு மைனர் வேண்டியிருக்கிறது. கட்டையோடு இடப்புறம் அடுத்திருக்கும் கறுப்புக் கட்டையையும் சேர்த்து அழுத்தினால் மைனர், வெள்ளையைச் சேர்த்தால் செவன்த். டி மைனர் வந்துவிட்டது. ஏ செவன்த் இந்த வாரம் பழகுகிறோம்.