கறுப்புத் தாளில் ஏறும் நிறம்

சென்னை திருவான்மியூரில் தாரா புக்ஸ் பதிப்பகத்தின் ‘புக் பில்டிங்’ உள்ளே போனதும் கண் சுவரில்தான் நிற்கிறது. பழங்குடி ஓவியர்கள் நேரடியாகச் சுவரில் தீட்டிய மரங்களும் விலங்குகளும். கீழ்த்தளத்தில் புத்தகக் கடை, காட்சிக்கூடம். கடலிலிருந்து வரும் ஈரக்காற்றோடு மையின் வாசனையும் கலந்திருந்தது. அந்த வாசனை எங்கிருந்து வருகிறது என்று தேடினேன். அங்கிருந்த புத்தகங்களின் தாளிலிருந்தேதான்.

நான் மலேசியாவின் கேமரன் மலையில் உள்ள திரிங்காப்பிலிருந்து போனவன். பிரிஞ்சாங் தாண்டி, கோலா தெர்லாவுக்கு முன்னால் வரும் காய்கறி ஊர். மலைச் சரிவெல்லாம் பிளாஸ்டிக் கூரைகள், அவற்றுக்கு அப்பால் தேயிலை. படக் கண்காட்சி என்றால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்த பெயர் கேலிச்சித்திரக்காரர் லாட். 1979இல் வந்த ‘கம்போங் பாய்’ தெரியாத மலேசியர் குறைவு. ஆனால் ஒரு படம் வரைந்தவரின் கையை விட்டுப் போன பிறகு என்ன ஆகிறது, அதை யார் தாளில் ஏற்றுகிறார்கள் என்பதைச் சென்னையில்தான் கண்ணால் பார்த்தேன்.

காட்சிக்கூடத்தில் ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ நூலின் பக்கங்கள் வரிசையாக இருந்தன. துர்கா பாய், பஜ்ஜு ஷ்யாம், ராம்சிங் உர்வேத்தி ஆகிய மூன்று கோண்டு ஓவியர்களின் மரங்கள். 2008இல் போலோனியா புத்தகச் சந்தையின் ரகாத்ஸி விருது பெற்ற நூல் அது. கறுப்புத் தாள். அதன்மேல் பச்சையும் ஆரஞ்சும் வெள்ளையுமாய்ப் புள்ளிகள், கோடுகள். விரலால் தடவினால் மை லேசாக மேடிட்டிருப்பது தெரிகிறது. ஆஃப்செட் அச்சில் இந்த மேடு கிடைக்காது.

பக்கத்திலேயே பஜ்ஜு ஷ்யாமின் ‘தி லண்டன் ஜங்கிள் புக்’. மத்தியப் பிரதேசத்தின் பாட்டன்கட் கிராமத்துக்காரர். ஒரு காலத்தில் இரவுக் காவலாளியாக வேலை பார்த்தவர். லண்டனில் ஓர் இந்திய உணவகத்தின் சுவர்களை வரையப் போன இடத்தில், பிக் பென் கடிகாரத்தைச் சேவலாகவும் தரையடி ரயிலை மண்புழுவாகவும் கண்டார். நேரம் சொல்வது சேவலின் வேலைதானே! அந்தப் படத்தின் முன்னால் நெடுநேரம் நின்றேன். புது ஊருக்குப் போகிற கிராமத்து மனிதர் வியந்து வாய் பிளப்பார் என்றுதான் கதைகள் சொல்லும். இவரோ தன் காட்டை வைத்து லண்டனை அளந்திருக்கிறார். தேயிலைத் தோட்ட வேலைக்கு மலையேறிய எங்கள் முன்னோரும் அங்கத்து மூடுபனியை எதை வைத்து அளந்தார்களோ, யாரும் வரையவில்லை.

ஆனால் நான் போனது பட்டறைக்காக. தாராவின் கையச்சு நூல்கள் உருவாகும் இடம் ஏ.எம்.எம். ஸ்கிரீன்ஸ். அங்கே பார்த்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

படத்தை முதலில் நிறம் நிறமாகப் பிரிக்கிறார்கள். மூன்று நிறமென்றால் மூன்று ஃபிலிம். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலைத்துணியில் ஒளிபட்டால் இறுகும் பசையைப் பூசி, மேலே ஃபிலிமை வைத்து வெளிச்சம் காட்டுகிறார்கள். பிறகு தண்ணீரில் கழுவினால், கோடு இருந்த இடம் மட்டும் திறந்து மை இறங்க வழிவிடுகிறது. அடியில் தாள், மேலே சட்டம், அதில் மை. ரப்பர் பட்டையை இரு கையாலும் பிடித்து ஒரே இழுப்பு. ஒரு நிறம் விழுந்துவிட்டது. தாளை எடுத்துக் காயும் தட்டில் வைக்க வேண்டும். அடுத்த தாள். எல்லாத் தாளும் காய்ந்த பிறகே அடுத்த நிறம்.

“கறுப்புத் தாள்ல ஏன் மை இப்படிக் கெட்டியா இருக்குண்ணே?” என்று இழுத்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்.

“தண்ணியா விட்டா கறுப்பு முழுங்கிடும் சார். நிறம் மேல நிக்கணும். ரொம்பக் கெட்டியா விட்டாலும் கோடு அடைச்சுக்கும்.”

“எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

“கைக்குத் தெரியும்.”

அவர் பேசும்போதும் கை நிற்கவில்லை. கையால் செய்த தாள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. காற்றில் ஈரம் ஏறினால் தாள் விரியும், இரண்டாம் நிறம் முதல் நிறத்தை விட்டு ஒரு நூல் விலகும். இலையின் நரம்பு இலைக்கு வெளியே போய்விடும். அதைத்தான் அவர்கள் ‘ரிஜிஸ்ட்ரேஷன்’ பார்ப்பது என்கிறார்கள். ஒவ்வொரு தாளையும் மூலையில் தட்டிச் சேர்த்து, கண்ணால் அளந்து, பிறகே இழுப்பு. தையல் மேசையில் இருந்த பெண்கள் காய்ந்த தாள்களை மடித்து, ஊசி நூலால் கட்டுகிறார்கள். கடைசியில் ஒவ்வொரு பிரதிக்கும் கையால் எண் இடப்படுகிறது.

1994இல் கீதா உல்ஃப் தொடங்கிய பதிப்பகம் இது. ஆரம்பத்தில் ‘தி வெரி ஹங்க்ரி லயன்’ நூலின் மாதிரிப் பிரதியை ஃபிராங்ஃபர்ட் புத்தகச் சந்தைக்கு எடுத்துப்போனார்கள். கனடா நாட்டுப் பதிப்பாளர் 8,000 பிரதிகள் கேட்டார். அத்தனையும் கையால் அச்சடித்தாக வேண்டும். ஒரு நூலுக்குப் பத்துத் தாள், தாளுக்கு மூன்று நிறம் என்று வைத்தாலே 2,40,000 இழுப்பு. சொன்ன சொல்லைக் காப்பாற்ற அத்தனை தோள்கள் உழைத்திருக்கின்றன. விலை அதிகம் என்று கடையில் முணுமுணுப்பவர்களை இந்த மேசையருகே ஒரு மணி நேரம் நிறுத்திவைக்க ஆசை.

2017இல் தோக்கியோவின் இத்தாபாஷி கலை அருங்காட்சியகம் தாராவின் நூல்களுக்கென்றே பெரிய கண்காட்சி வைத்தது. கலைக்கூடம் அச்சுப் பட்டறையை மதிக்கத் தொடங்கியதாகவே அதை எடுத்துக்கொள்கிறேன். என் கட்சி இதுதான்: கறுப்புத் தாளில் நிறம் நிற்கிறதென்றால், அது பாதி வரைந்தவரின் முடிவு, பாதி இழுத்தவரின் முடிவு. கோண்டு ஓவியரின் பெயரை அட்டையில் போடும் நல்ல வழக்கத்தை இந்தப் பதிப்பகம் கடைப்பிடிக்கிறது. அச்சடித்தவர்கள், தைத்தவர்கள் பெயர்களும் ஒருவர் விடாமல் காட்சிக்கூடச் சுவரில், படத்துக்குப் பக்கத்தில் வர வேண்டும்.

எங்கள் மலையில் உழைத்தவர் பெயர் எழுதும் இந்தக் கணக்கு இன்னும் தொடங்கவே இல்லை. சுங்கை பாலாஸ் தேநீரகத்தின் மேடையில் நின்று சரிவைப் படம் எடுக்காத சுற்றுலாப் பயணி இல்லை. அந்தப் பச்சைச் சரிவுகளை வெட்டி, நட்டு, கவாத்து செய்து, கொழுந்து எடுத்தவர்கள் படத்தில் சிறு புள்ளிகள். ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்துக்கு விடியுமுன் எழுந்து போன கதையும், வேலை வாங்கும் தண்டலோடு போட்ட சண்டையும், லயத்து வீடுகளின் குளிரும் கிழவிகளின் வாயில் இருக்கின்றன. இப்போது பறிப்பு பெரும்பாலும் கத்திரிக்கும் இயந்திரத்துக்கும் போய்விட்டது. கையால் கிள்ளியவர்கள் வயதாகிக்கொண்டிருக்கிறார்கள்.

சுங்கை பாலாஸை நடத்தும் போ தேயிலை நிறுவனம் 1929இல் தொடங்கியது. 2029இல் நூறு ஆண்டு. விழா மலர் ஒன்று எப்படியும் வரும், வழவழப்பான தாளில், துரைமார் புகைப்படங்களோடு. அதற்கு முன்பே திரிங்காப், கோலா தெர்லா, புளூ வேலி பக்கத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர் பாட்டிமார் எதிரே உட்கார்ந்து, கேட்டு, வரைந்துவிட வேண்டும். சட்டமும் ரப்பர் பட்டையும் பெரிய செலவில்லை. எங்கள் ஈரத்தில் தாள் காய நேரமெடுக்கும், அவ்வளவுதான்.