நடுங்கும் கையும் நலிந்த குடலும்

இலண்டனின் ஹொக்ஸ்ரன் பகுதியில் மருத்துவம் பார்த்துவந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817ஆம் ஆண்டில் நடுக்குவாதம் பற்றிச் சிறு நூலொன்றை வெளியிட்டார். அதற்கு அவர் ஆதாரமாகக் கொண்ட நோயாளர் அறுவரே. அவருட் சிலர் வீதியிலே தற்செயலாகக் காணப்பட்டோர். ஓய்ந்திருக்கும் கை நடுங்குவதையும், முன்வளைந்த உடல் தன்னை அறியாமலே விரைவதையும் அவர் தீட்டிய சித்திரம் இன்றும் மங்கவில்லை. ஆயின் அந்நூலின் வேறொரு செய்தி அத்துணை பேசப்படவில்லை. நோயாளரின் மலச்சிக்கலைக் குறித்துக்கொண்ட பார்க்கின்சன், இரைப்பையிலும் குடலிலும் நேரும் கோளாறு முண்ணாணின் ஒரு பகுதியைத் தாக்கக்கூடும் என்றும் எழுதினார். இரண்டையும் இணைக்கும் வழி யாதெனத் தம்மாற் காண இயலவில்லை என்பதை அவர் மறைக்கவுமில்லை.

பின்வந்தோரின் நோக்குத் தலைக்குட் சென்றது. அதற்குத் தக்க காரணமும் இருந்தது. நடுமூளையிலுள்ள கருநிறப் பகுதியின் சிதைவு இந்நோயோடு தொடர்புடையது என்பதைத் திரெத்தியாக்கொவ் 1919இல் எடுத்துக்காட்டினார். டோபமினைச் சுரக்கும் கலங்கள் அங்கேயே செறிந்துள்ளன. கை நடுங்கத் தொடங்கும் வேளையில் அவற்றுட் கணிசமானவை அழிந்துபோயிருக்கும். மருத்துவம் பிந்தியே வந்துசேர்கின்றது. நோயின் தொடக்கத்தைத் தேடுவோர்க்குள்ள அவசரம் இதனாலேயே.

இறந்தோரின் மூளைகளை ஆராய்ந்த ஹைக்கோ பிராக் குழுவினர், அல்பா-சினுக்கிளீன் என்னும் புரதம் கருநிறப் பகுதியிற் படியுமுன்னரே மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியிற் படிவதை 2003இல் விளக்கினர். குடலுக்குச் செல்லும் வேகசு நரம்பு அங்கிருந்தே புறப்படுகின்றது. குடலிற் புகும் இனந்தெரியாத கிருமியொன்று இந்நரம்பு வழியே தீங்கை மேலேற்றலாம் என அவர்கள் ஊகித்தனர். இரைப்பைப் புண்ணுக்காக இந்நரம்பின் அடித்தண்டு வெட்டப்பட்டோரிடையே இந்நோய் குறைவு என 2015இல் டென்மார்க்கிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. அந்நாட்டுத் தரவுகளையே வேறுவிதமாகக் கணித்தோர் அதனை ஏற்கவில்லை.

கிருமி மேலேற வேண்டிய தேவையே இல்லை என்பதற்கும் சான்று உண்டு. 2019இல் மொன்றியல் ஆய்வாளர், பிங்க்-1 என்னும் பரம்பரையலகு அற்ற சுண்டெலிகளின் குடலிற் பற்றீரியாத் தொற்றை உண்டாக்கினர். (மனிதரில் அவ்வலகு பழுதுறின் இளவயதிலேயே இந்நோய் வரலாம்.) தொற்று நீங்கிற்று. மாதங்கள் கழிந்தபின் எலிகளின் அசைவு தளர்ந்தது. நோயாளர்க்கு வழங்கப்படும் எல்-டோபா மருந்தைக் கொடுத்ததும் சீரடைந்தது. அவ்வலகு குறைபடாத எலிகளுக்குத் தொற்று வந்தும் தளர்ச்சி வரவில்லை. கிருமியை எதிர்க்க எழுந்த வெண்குருதிக் கலங்களுட் சில, உடலின் சொந்த இழைமணிகளின் புரதங்களையே பகையெனக் கொண்டிருந்தன; அத்தகைய கலங்கள் மூளையிலும் காணப்பட்டன. வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

பழிசுமக்கும் அல்பா-சினுக்கிளீனுக்கும் ஒரு காவற்பணி இருத்தல் கூடும். நோரோ வைரசுத் தொற்றுக்கு ஆளான சிறுவரின் குடல் நரம்புகளில் அது தோன்றுவதையும், எதிர்ப்புக் கலங்களை அது ஈர்ப்பதையும் 2017இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. அழற்சி ஓயாதவிடத்து அப்புரதம் அளவுமீறித் திரளுமோ என்பதே இங்கு எழும் ஐயம்.

எனினும் எல்லா நோயாளரிடத்தும் தொடக்கம் குடலன்று. சிலரில் மூளையிலே தொடங்கிக் கீழிறங்குகின்றது எனக் கருதும் ஆய்வாளரும் உளர். மலச்சிக்கல் உடையோருட் பெரும்பாலார்க்கு இந்நோய் வருவதேயில்லை. வந்தவர்களுட் பலரை வினவினால் மட்டும், கை நடுங்குவதற்குப் பல்லாண்டுகள் முன்னரே மலச்சிக்கலால் வருந்தியமை தெரியவருகின்றது.