போர்ட்டைப் பூட்டும் முன்

நெட்வொர்க் வேலைக்கு வருகிற பிள்ளைகளிடம் போர்ட் செக்யூரிட்டி பற்றிக் கேட்டால் கட்டளைகளை வரிசையாக ஒப்பிப்பார்கள். நானும் அப்படிப் படித்து வந்தவன்தான். கட்டளைக்கு அப்பால் இருப்பதை எனக்குக் காட்டியவர் ஒரு மருத்துவமனையின் லேப் டெக்னீஷியன்.

சிஸ்கோ கேட்டலிஸ்ட் சுவிட்சில் போர்ட்டை ஆக்சஸ் மோடில் வைத்து ‘சுவிட்ச்போர்ட் போர்ட்-செக்யூரிட்டி’ என்று அடித்தால், வேறெதுவும் சொல்லாதவரை, அதில் ஒரே ஒரு மேக் முகவரிக்குத்தான் இடம். இரண்டாவது முகவரி தலைகாட்டினால் போர்ட் மூடிக்கொள்ளும். இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. எந்த முகவரி எந்த போர்ட்டில் என்பதைச் சுவிட்ச் ஓர் அட்டவணையில் குறித்து வைக்கிறது. ‘மேகாஃப்’ போன்ற கருவியால் பொய் முகவரிகளைக் கொட்டினால் அட்டவணை நிரம்பிவிடும். பிறகு புது முகவரிக்கு இடமில்லாமல், அதற்கான தகவலை அந்த வி-லானின் எல்லா போர்ட்டுக்கும் சுவிட்ச் அனுப்பும். ஒட்டுக்கேட்க நினைப்பவனுக்கு அது போதும்.

அந்த மருத்துவமனையில் லேப் போர்ட் ஒன்று அடிக்கடி மூடிக்கொள்கிறது என்று கூப்பிட்டார்கள். சுவிட்சில் அதன் விளக்கு ஆரஞ்சு நிறத்தில் நின்றது. ஸ்டேட்டஸ் ‘எர்-டிசேபிள்டு’. லாகில் ஓர் அந்நிய முகவரி. வெளியாள் யாரோ நுழைகிறான் என்றே அங்கே பேச்சு.

கேபிளைப் பிடித்துக்கொண்டே போனேன். மேசைக்கு அடியில் ஐந்து போர்ட் உள்ள சின்ன சுவிட்ச். அதில் ரத்தப் பரிசோதனை மெஷினும் ஒரு கம்ப்யூட்டரும். மெஷினின் முகவரி லேப் போர்ட்டில் ‘ஸ்டிக்கி’யாக, அதாவது தானாகக் கற்றுக் கான்ஃபிகில் எழுதப்பட்டதாக, பதிந்திருந்தது. கம்ப்யூட்டரைப் போட்டதும் போர்ட் மூடி, மெஷினும் சேர்ந்து நின்றது.

“மெஷின் ரெண்டு, சுவத்துல பாயின்ட் ஒண்ணுதான் தம்பி. எத்தனையோ தடவ கேட்டாச்சு, யாரும் வரல. ரிப்போர்ட்டுக்கு பேஷன்ட் உக்காந்திருக்காங்க, நான் என்ன பண்ணட்டும்?” என்றார் லேப் டெக்னீஷியன் அக்கா.

இன்னொரு பாயின்ட் இழுக்க ஏற்பாடு செய்தேன். அதுவரை அந்த போர்ட்டில் உச்ச எண்ணிக்கை 2, மீறினால் ‘ரெஸ்ட்ரிக்ட்’. இந்த முறையில் தெரிந்த முகவரிகள் வேலை செய்துகொண்டே இருக்கும். அந்நிய முகவரியின் தகவல் மட்டும் தள்ளப்படும், கணக்கு ஏறும், லாகில் செய்தி வரும். ‘புரொடெக்ட்’டும் தள்ளும், ஆனால் யாருக்கும் சொல்லாது. அதனால் அதை நான் வைப்பதில்லை.

அன்றிலிருந்து விதிமீறல் கணக்கை நான் ஒரு மனுவாகவே படிக்கிறேன். பல நேரம் அதன் பின்னால் இருப்பது திருடன் அல்ல. கேட்டது கிடைக்காத ஊழியர்.

இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்குச் சொல்வது இதுதான். முதலில் தளம் முழுக்க நடந்து, எந்த பாயின்ட்டில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். ஐபி போனுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் இருந்தால் ஒரு முகவரி போதாது. ஸ்டிக்கி முகவரிகளை சேவ் செய்யாவிட்டால் ரீபூட்டில் போய்விடும். மேக் முகவரியைப் போலியாக வைப்பது எளிது; முக்கியமான இடங்களுக்கு, அடையாளத்தைச் சரிபார்த்த பிறகே உள்ளே விடும் 802.1எக்ஸ் வேண்டும். எதையும் முதலில் ரெஸ்ட்ரிக்ட்டில் ஓடவிட்டு லாகைப் படியுங்கள், அங்கே இருப்பவரிடம் பேசுங்கள். மூடுவதை அதற்குப் பிறகு முடிவு செய்யுங்கள்.